பாஸ் மீனுக்கான காஸ்டிங் ரீலில் எந்தப் பிரெய்டு லைனைச் சுற்றுவது?

டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் நகருக்கு அருகே வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இதுவரை ஸ்பின்னிங் ரீலில் 10 பவுண்டு இழுப்பைத் தாங்கும் நைலான் நரம்பைச் சுற்றி மீன் பிடித்து வந்தவர், இப்போது முதன்முதலாகக் காஸ்டிங் ரீல் ஒன்று வாங்கியிருக்கிறார். லேக் ஃபோர்க் ஏரியில் அல்லி இலைகளுக்கும் ஹைட்ரில்லாப் பாசிக்கும் நடுவே தவளை லூரை (தவளை வடிவச் செயற்கை இரையை)ப் போட்டு லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். 10 பவுண்டு எடைக்கு மேல் பாஸ் கிடைப்பதே அபூர்வம் என்னும்போது 20 பவுண்டு பிரெய்டு (பல இழைப்புரிகளைப் பின்னிய லைன்) போதாதா, கடைக்காரர் ஏன் 50 என்றும் 65 என்றும் சொல்கிறார், நான்கு புரி வாங்குவதா எட்டுப் புரி வாங்குவதா, லைனுக்கும் லூருக்கும் நடுவே லீடர் என்னும் வேறு வகை நரம்புத் துண்டைக் கட்ட வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

அவர் சொல்லும் இடத்துக்கும் லூருக்கும் என் விடை இது: 50 பவுண்டு, நான்கு புரி, லீடர் வேண்டாம். ஆனால் விடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், நாளை வேறோர் ஏரிக்கோ வேறொரு லூருக்கோ மாறும்போது மறுபடியும் கடைக்காரரைத்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே, காஸ்டிங் ரீலுக்கு லைன் எடுக்கும்போது பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் பவுண்டை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் தடிமனை முதலில் படியுங்கள் என்று நான் சொல்வதற்கான காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், மீனின் எடைக்கும் லைனின் வலுவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நீருக்குள் மிதந்து நிற்கும் மீனுக்கு எடை என்று ஏறக்குறைய எதுவும் இல்லை; லைன் தாங்குவது அது இழுக்கும் இழுப்பை மட்டுமே, அதையும் ராட் (தூண்டில் கோல்) வளைந்தும் டிராக் (பலமாக இழுத்தால் லைனை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடிப்பு) நழுவியும் பகிர்ந்துகொள்கின்றன. டெக்சஸின் மாநிலச் சாதனையான 18.18 பவுண்டு பாஸ், 1992 ஜனவரியில் இதே லேக் ஃபோர்க்கில் பேரி செயின்ட் கிளேர் என்பவருக்குக் கிடைத்தது. அவர் அன்று பிடிக்கப் போனது பாஸையே அல்ல, கிராப்பி என்னும் சிறிய மீனை. திறந்த நீரில், பொறுமையாக விளையாடவிட்டால், பெரிய மீனும் மெல்லிய நரம்பில் வரும். அந்த அளவில் நம் நண்பரின் கணக்கு சரிதான். கணக்கு பிசகுவது வேறு இரண்டு இடங்களில்: ஒன்று பாசி, மற்றது ரீலின் ஸ்பூல், அதாவது லைன் சுற்றியிருக்கும் உருளை.

பாசியில் பாஸ் மாட்டிக்கொண்டவுடன் செய்யும் முதல் காரியம், தலையைக் கீழே திருப்பித் தண்டுகளுக்குள் நுழைவது. அதன் பிறகு நீங்கள் இழுப்பது மீனை மட்டும் அல்ல. அதைச் சுற்றிக்கொண்ட ஹைட்ரில்லாக் கொத்து முழுவதையும் சேர்த்து இழுக்கிறீர்கள். ஈரப் பாசியின் கனம் பல சமயம் மீனின் கனத்தைவிட அதிகம். இங்கே நைலான் நரம்பு தோற்றுவிடுகிறது. இழுக்க இழுக்க அது நீள்கிறது. அறுபடும் நிலைக்கு வருமுன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் நீளக்கூடியது அது. பிரெய்டோ மூன்று நான்கு சதவீதத்துக்கு மேல் நீள்வதில்லை. அதனால் அது பாசித் தண்டை அழுத்திக்கொண்டு நிற்காமல் அறுத்துக்கொண்டே வருகிறது. தமிழ்நாட்டில் விரால் மீனுக்குத் தவளை லூர் போடுகிறவர்கள் நைலானை விட்டுப் பிரெய்டுக்கு மாறியதற்கும் இதே காரணந்தான்; அல்லிக்குளத்தில் விரால் செய்வதும் லேக் ஃபோர்க்கில் பாஸ் செய்வதும் ஏறத்தாழ ஒன்றே.

இந்த நீளாத தன்மை எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிரெய்டின் குறைகளும் அதே இடத்திலிருந்துதான் வருகின்றன. பிரெய்டின் ஒவ்வொரு புரியும் மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. நெதர்லாந்தின் டி.எஸ்.எம். நிறுவனத்தில் பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா ஆகிய இருவர் 1970களின் இறுதியில், அந்தப் பொருளைக் கரைசலாக்கி, கூழ் நிலையில் இழையாக இழுத்து, மூலக்கூறுகளையெல்லாம் ஒரே திசையில் படுக்க வைக்கும் முறையை உருவாக்கினார்கள். டைனீமா என்ற பெயரில் விற்பது அதுதான். அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் வருவதும் அதே இனம். மூலக்கூறுகள் ஏற்கெனவே நீட்டி வைக்கப்பட்டிருப்பதால் மேலும் நீள இடமில்லை. எடைக்கு எடை எஃகைவிடப் பலமடங்கு வலு. அடர்த்தி 0.97 என்பதால் நீரில் மிதக்கிறது, நைலான் 1.14, ஃப்ளோரோகார்பன் என்னும் இன்னொரு வகை நரம்பு 1.78 என்பதால் அவை மூழ்குகின்றன. குறைகள் என்று பார்த்தால், சுமார் 150 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடுகிறது, மேற்பரப்பு மெழுகுபோல் வழுக்குகிறது, சாயம் உள்ளே ஏறுவதில்லை. முடிச்சு நழுவுவது, லைன் மொத்தமாக ஸ்பூலில் வழுக்கிச் சுழல்வது, நிறம் சீக்கிரம் வெளுப்பது ஆகிய மூன்று புகார்களுக்கும் வேர் இதுவே.

இனி ஸ்பூலுக்கு வருகிறேன். என் விடையின் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான்.

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்க, லைன் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாக விழுகிறது. மெல்லிய லைன் அங்கே நன்மை. காஸ்டிங் ரீலில் ஸ்பூலே சுழல்கிறது. லைன் நேராக அதன் மேலிருந்து உரிந்து போக வேண்டும். மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளின் இடுக்கில் புதைந்துவிட்டால் உரிவது நின்றுவிடும். மாஞ்சா நூலை இறுக்கமில்லாமல் கண்டில் சுற்றிவிட்டுப் பட்டம் மேலே இழுக்கும்போது நூல் உள்ளே வெட்டிக்கொண்டு இறங்குமே, அப்படித்தான் 20 பவுண்டு பிரெய்டும் காஸ்டிங் ரீலில் இறங்குகிறது. தவளை லூரைக் கவ்விய மீனுக்கு நீங்கள் முழு வலுவோடு ராட்டை உயர்த்தி முள்ளைப் பதிக்கிறீர்கள். அந்த ஒரு நொடியில் ஸ்பூலின் மேல்சுற்று தனக்குக் கீழே இருக்கும் நான்கைந்து அடுக்குகளைப் பிளந்துகொண்டு உள்ளே போய்விடுகிறது. அப்போது எதுவும் தெரியாது. மீனைக் கரைசேர்த்துவிட்டு அடுத்த வீச்சை வீசும்போதுதான், லூர் பாதி வழியில் வெடுக்கென்று நிற்கும். சில நேரம் லைன் அறுந்து லூர் மட்டும் பறந்துபோகும். ஸ்பூலைப் பார்த்தால், ஒரு சுற்று மட்டும் மற்றவற்றுக்குக் குறுக்கே சாய்ந்து உள்ளே மறைந்திருப்பது தெரியும். அதை நகத்தாலோ முள்ளின் நுனியாலோ நெம்பி எடுக்க முயன்றால் இழைகள் பிசிறிவிடும். அது எந்தத் திசையில் புதைந்ததோ அதே திசையில், கட்டைவிரலால் ஸ்பூலை மெல்ல விட்டுக்கொண்டே, சீராக இழுத்தால் வந்துவிடும்.

புதைவதைத் தடுப்பது வலுவல்ல, தடிமன். பவர்ப்ரோ என்ற பரவலாக விற்கும் பிரெய்டின் அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 20 பவுண்டு என்பது 0.23 மி.மீ., 30 பவுண்டு 0.28 மி.மீ., 50 பவுண்டு 0.36 மி.மீ., 65 பவுண்டு 0.41 மி.மீ., 80 பவுண்டு 0.43 மி.மீ. அந்த 50 பவுண்டின் தடிமன் ஏறக்குறைய 12 பவுண்டு நைலான் நரம்பின் தடிமனுக்குச் சமம் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். பாஸ் மீனுக்கான காஸ்டிங் ரீல்கள் பலவும் 10 முதல் 14 பவுண்டு வரையான நைலானை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. ஸ்பூலின் அகலமும், லைனை இடம் வலமாக நடத்திப் பரப்பும் வழிகாட்டியின் வேகமும் அந்தத் தடிமனுக்கு ஒத்துவருபவை. 50 பவுண்டு வாங்கச் சொல்கிற கடைக்காரர் மீனைக் காட்டி உங்களைப் பயமுறுத்தவில்லை. ரீலுக்குப் பொருந்தும் தடிமனைத்தான் தருகிறார், கூடுதல் வலு அதனோடு தானாக வருகிறது. காஸ்டிங் ரீலில் 30 பவுண்டுக்குக் கீழே இறங்காதீர்கள் என்பது பொதுவான எச்சரிக்கை. பாசிக்குள் முழு வலுவோடு முள் பதிக்கிற வேலை என்றால் 50க்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் அழுத்தமான கருத்து.

பவுண்டை நம்பாமல் தடிமனை நம்பச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜப்பானிய லைன்கள் பவுண்டுக்குப் பதிலாகத் தடிமனைக் குறிக்கும் பி.இ. என்னும் எண்ணால் அளக்கப்படுகின்றன, பி.இ. 1 என்றால் சுமார் 0.165 மி.மீ., பி.இ. 3 என்றால் 0.285 மி.மீ., பி.இ. 5 என்றால் 0.37 மி.மீ. உயர்ந்த விலையுள்ள ஜப்பானிய எட்டுப் புரி லைன்களில் பி.இ. 3 அளவே 50 பவுண்டை எட்டிவிடும். அதாவது, 50 பவுண்டு என்று எழுதிய இரண்டு பெட்டிகளில் ஒன்றிலிருப்பது பவர்ப்ரோவின் 30 பவுண்டு அளவுக்கே மெல்லியதாக இருக்கலாம். வலுவில் குறை இல்லை. ஆனால் உங்கள் ஸ்பூலில் அது புதையும். பாசிக்கு ஜப்பானிய லைன் வாங்குவதானால் 5ஆம் எண்ணையோ அதற்கு அடுத்ததையோ பாருங்கள்.

தடிமன் கூடினால் கொள்ளளவு குறையுமே என்ற கவலை இயல்பானது. கொள்ளளவு தடிமனின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். 12 பவுண்டு நைலான் 120 கெஜம் பிடிக்கும் ரீலில் 50 பவுண்டு பிரெய்டும் ஏறக்குறைய 120 கெஜம் பிடிக்கும். 65 பவுண்டு என்றால் சுமார் 90 கெஜம். நல்ல வீச்சுகூட 40 கெஜத்தைத் தாண்டுவது கடினம், பாசிக்குள் மீனை ஓடவிடவும் போவதில்லை. ஆகவே 90 கெஜமே தாராளம்.

சொல்லப்போனால், ஸ்பூல் முழுவதையும் பிரெய்டால் நிரப்பவும் கூடாது. முன்னே சொன்ன வழுக்கும் மேற்பரப்பு இங்கேதான் தொல்லை தருகிறது. வெறும் உலோக ஸ்பூலில் நேரடியாகப் பிரெய்டைக் கட்டினால், எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் லைன் முழுவதும் ஒரே திரளாக ஸ்பூலின் மேல் வழுக்கிச் சுழலும். பலர் இதை டிராக் கெட்டுவிட்டது என்று எண்ணி ரீலைப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். சோதிப்பது எளிது: டிராக்கை முழுவதும் இறுக்கிவிட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு லைனை இழுங்கள், ஸ்பூலின் விளிம்பு அசையாமல் நிற்க லைன் மட்டும் நகர்ந்தால் வழுக்குவது லைன்தான். இதைத் தவிர்க்க, அடியில் 10 அல்லது 12 பவுண்டு நைலான் நரம்பை ஓரிரு அடுக்கு சுற்றி, அதன் முனையோடு பிரெய்டை இரட்டை யூனி முடிச்சால் இணைத்துவிடுவது நல்லது. அடியில் துளைகளோ சொரசொரப்போ உள்ள ஸ்பூல்களில் லைனை நேரடியாகவே கட்டலாம். துளை வழியே நுழைத்துக் கட்டினால் நழுவாது. நைலான் அடித்தளம் போடுவதில் இன்னொரு லாபம், 150 கெஜப் பெட்டி ஒன்றை வாங்கினால் இரண்டு முறைக்கு வரும்.

சுற்றும்போது இறுக்கம் முக்கியம். புதைவதற்குத் தடிமன் பாதிக் காரணம் என்றால் தளர்வாகச் சுற்றியது மீதிக் காரணம். ஈரத் துணியை மடித்து அதற்கு நடுவே லைனை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ராட் சற்று வளையும் அளவுக்கு எதிர்ப்பு கொடுத்துச் சுற்றுங்கள். வெறுங்கையால் பிடிக்காதீர்கள், ஓடுகிற பிரெய்டு தோலை அறுத்துவிடும். ஸ்பூலின் விளிம்புக்குச் சுமார் 3 மி.மீ. கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். கரையில் நின்று இரண்டு மூன்று முறை நீளமாக வீசி, லூரின் கனத்தோடு இறுக்கமாகத் திரும்பச் சுற்றியபின் மீன்பிடிக்கத் தொடங்கலாம்.

நான்கு புரியா எட்டுப் புரியா என்ற கேள்விக்கு இன்று கடைகளில் கிடைக்கும் பதில் பெரும்பாலும் எட்டு என்பதே. எட்டுப் புரி உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கிறது, கைடுகளில் (லைன் ஓடும் ராட்டின் வளையங்களில்) சத்தமின்றி ஓடுகிறது, சற்றுத் தூரமும் போகிறது; இதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரே தடிமனுக்குள் எட்டுப் புரிகளை அடக்க வேண்டுமானால் ஒவ்வொரு புரியும் மெல்லியதாகிவிடும். மரக்கிளையிலோ கரடான தண்டிலோ உரசும்போது, மெல்லிய புரி ஒன்று பிசிறி அறுவது எளிது. நான்கு புரியில் ஒவ்வொன்றும் தடித்தது. மேற்பரப்பில் மேடுபள்ளம் இருப்பதால் பாசித் தண்டை அறுக்கும் திறனும் கூடுதல். கைடுகளில் ஒரு ரீங்காரம் கேட்கும், அவ்வளவுதான். தவளை லூருக்கும், கனமான ஈயமோ டங்ஸ்டனோ கட்டி, நீர்ப்பரப்பை மூடிய பாசிக் கூரையைக் குத்தி இறக்கும் முறைக்கும் நான் நான்கு புரியையே பரிந்துரைக்கிறேன், விலையும் குறைவு. திறந்த நீரில் மேற்பரப்பு லூர்களைத் தூரமாக வீசுபவர் எட்டுப் புரிக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் உண்டு. சுஃபிக்ஸ் 832 போன்ற சில லைன்களில் ஏழு பாலிஎத்திலீன் புரிகளோடு கோர் நிறுவனத்தின் வேறு வகை இழை ஒன்றையும் பின்னியிருக்கிறார்கள்; உருண்டையாக ஓடுவதும் உரசலைத் தாங்குவதும் அதன் நோக்கம். இரண்டுக்கும் நடுவே ஒன்று வேண்டும் என்பவர்களுக்கு அது பொருந்தும்.

ஒன்று முதல் இரண்டு அவுன்ஸ் வரையான எடையைக் கட்டிப் பாசிக் கூரையைக் குத்தி இறக்கும் முறையை நண்பர் பின்னாளில் முயன்றால் 65 பவுண்டுக்குப் போகட்டும். அலபாமாவின் கன்டர்ஸ்வில், ஃப்ளோரிடாவின் ஒக்கீசோபி போன்ற, பாசிக்குப் பேர்போன ஏரிகளில் அது வழக்கமான அளவு. 80 பவுண்டு தேவைப்படும் இடங்களும் உண்டு. லேக் ஃபோர்க்கில் தவளை லூர் வீசுவதற்கு அது மிகை, வீச்சின் தூரத்தைத்தான் குறைக்கும்.

லீடர் விஷயத்தில் இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். பாசிக் கூரையின் மேலே ஓடும் தவளையை மீன் கீழேயிருந்து பார்க்கிறது. லைன் பாசியின் மேல் கிடக்கிறது. லீடர் கட்டினால் அந்த முடிச்சில் ஒவ்வொரு வீச்சுக்கும் பாசி கோத்துக்கொண்டு வரும். எனவே நேரடியாகவே கட்டுங்கள். தெளிந்த நீரில், பாசியின் ஓரத்தில், ஜிக் (தலையில் ஈயக் கனம் உள்ள லூர்) போன்றவற்றை மெதுவாக இழுக்கும்போது நிலைமை வேறு. அங்கே 15 முதல் 20 பவுண்டு ஃப்ளோரோகார்பன் லீடர் பயன் தரும். அதை எஃப்.ஜி. முடிச்சால் இணைத்தால் கைடுகளில் தட்டாமல் ஓடும். கட்டுவதற்குப் பழக்கம் வேண்டும், பழகும்வரை ஆல்பர்ட்டோ முடிச்சு போதும்.

லீடர் கட்டாயம் என்று நான் சொல்லும் இடம் ஒன்று உண்டு, அதற்கும் மீனின் கண்ணுக்கும் சம்பந்தம் இல்லை. நீர்ப்பரப்பில் இடமும் வலமுமாகத் தலையாட்டி நடக்கும், மும்முனை முட்கள் உள்ள லூர்களில், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லைன் ஒரு கணம் தளர்கிறது. துணி நூல்போல் துவண்டிருக்கும் பிரெய்டு அந்தக் கணத்தில் முன்முள்ளைச் சுற்றிக்கொள்ளும். முன்னால் அரை மீட்டர் அளவுக்கு 20 பவுண்டு நைலான் இருந்தால் அதன் விறைப்பு லைனை முள்ளிடமிருந்து விலக்கி வைக்கும். அதற்கு ஃப்ளோரோகார்பன் வேண்டாம். நைலானைவிட வேகமாக மூழ்கி லூரின் மூக்கைக் கீழே இழுக்கும்.

பிரெய்டே வேண்டாம் என்று சொல்ல வேண்டிய இடங்களும் உள்ளன. டாலஸுக்கு வடக்கே ஒக்லஹோமா எல்லையில் இருக்கும் டெக்சோமா ஏரியில் 2009இல் வரிக்குதிரைச் சிப்பிகள் காணப்பட்டன. டெக்சஸில் அவை முதலில் தெரியவந்தது அங்கேதான், பிறகு வேறு பல நீர்த்தேக்கங்களுக்கும் பரவிவிட்டன. பாறையிலும் தூண்களிலும் அப்பியிருக்கும் அந்தச் சிப்பிகளின் விளிம்பு கத்திபோன்றது. இழுவிசையில் இருக்கும் பிரெய்டு அதில் ஒருமுறை உரசினாலே போதும். ஒரு புரி போனாலே வலு வெகுவாகக் குறைந்துவிடும். பாறையும் சிப்பியும் உள்ள அடித்தளத்தில் தடித்த ஃப்ளோரோகார்பனே பத்திரமானது. அதேபோல் ஆழத்தில் ஓடும் கிராங்க்பெய்ட் வகை லூரை நீளாத லைனில் இழுத்தால், மெல்லிய முட்கள் மீனின் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கொஞ்சம் நீளும் நரம்பு அங்கே மீனைத் தக்கவைக்கிறது. லேக் ஃபோர்க்கைப் பொறுத்தவரை நின்றபடி மூழ்கிய மரங்களும் அங்கே ஏராளம் என்பதை நினைவில் வையுங்கள். பாசித் தண்டை அறுக்கும் அதே பிரெய்டு மரக்கிளையில் வாளாக இறங்கி அங்கேயே சிக்கிக்கொள்ளும். மரங்களுக்குள் கட்டாயம் பிரெய்டைத்தான் பயன்படுத்துவேன் என்றால், மீன் கிளையைச் சுற்றுவதற்கு முன்பே அதைத் தூக்கி எடுக்கும் வலுவுள்ள ராட்டும் இறுக்கிய டிராக்கும் வேண்டும்.

முடிச்சில் சிக்கனம் பார்க்காதீர்கள். நைலானில் பழகிய கிளின்ச் முடிச்சு பிரெய்டில் நழுவும். பாலமார் முடிச்சுக்கு மாறிக்கொள்ளுங்கள். இறுக்குவதற்கு முன் எச்சிலாலோ நீராலோ நனைத்து, வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக இறுக்க வேண்டும். குறைந்த வெப்பத்திலேயே உருகும் பொருள் என்பதால் உலர்ந்த முடிச்சில் உராய்வின் சூடே இழைகளைக் கெடுத்துவிடும். வெட்டும்போது 3 மி.மீ. வாலாவது விடுங்கள். நகவெட்டி பிரெய்டை நசுக்கிப் பிசிறாக்கும். அதற்கென்று ஒரு கூர்மையான கத்தரி பெட்டியில் இருக்கட்டும்.

ரீலையும் கையையும் இந்த லைனுக்கு ஏற்பக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். பிரெய்டு ஸ்பூலிலிருந்து எளிதாக உரிவதால், நைலானுக்கு வைத்திருந்ததைவிடப் பிரேக்கை ஒரு படி கூட்டி வைத்துத் தொடங்குங்கள். ஸ்பூல் மிகையாகச் சுழன்று விழும் சிக்கு, பிரெய்டில் விழுந்தால் பிரிப்பது கடினம். முள் பதிப்பதில் அவசரம் கூடாது. தவளையைச் சுற்றி நீர் வெடித்ததும் ராட்டை உயர்த்துவதே இயல்பான உந்துதல்; நீளும் நரம்பு அந்த அவசரத்தைக் கொஞ்சம் மன்னிக்கும், பிரெய்டு மன்னிக்காது, தவளையை மீனின் வாயிலிருந்து பறித்துவந்துவிடும். ராட்டைத் தாழ்த்தி, தளர்ச்சியைச் சுற்றி எடுத்து, மீனின் கனம் கையில் தெரிந்த பிறகு உயர்த்துங்கள். பழைய ராட்டாக இருந்தால் கைடு வளையங்களின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள். பஞ்சு இழை எங்காவது மாட்டினால் அங்கே கீறல் இருக்கிறது, அது பிரெய்டை அறுக்கும். சிலிக்கான் கார்பைடு, ஆல்கனைட் போன்ற கடினமான வளையங்களுக்குப் பிரெய்டால் ஆபத்தில்லை.

நிறத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பாசிக்குள் கரும்பச்சை போதும். சில வாரங்களில் அது வெளுத்து வெண்மையாகும். சாயம் மேலே பூசப்பட்டதுதான் என்பதால் வெளுப்பது வலு குறைந்ததற்கு அடையாளம் அல்ல. முனையிலிருந்து ஓரிரு மீட்டரை நிலைத்த மையுள்ள கறுப்பு மார்க்கரால் தீற்றிக்கொள்பவர்கள் உண்டு. லைனை மாற்றும் நேரத்தை நிறம் சொல்லாது, விரல்தான் சொல்லும்: முதல் சில மீட்டரை விரல்களுக்கு நடுவே ஓடவிடுங்கள், மெல்லிய முடிபோல் பிசிறுகள் எழுந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். ஒரு பருவம் முழுவதும் உழைத்த லைனை முழுவதுமாகக் கழற்றி, முனை மாற்றித் திருப்பிச் சுற்றலாம். இதுவரை அடியில் கிடந்து வெயிலையும் உரசலையும் காணாத பகுதி மேலே வரும்.

பாதுகாப்பு பற்றிய இரண்டு செய்திகளைச் சொல்லாமல் விட மாட்டேன். லூர் மரத்தில் சிக்கிக்கொண்டால் 50 பவுண்டு பிரெய்டைக் கையில் சுற்றிக்கொண்டு இழுக்காதீர்கள். அது சதைக்குள் இறங்கிவிடும். ராட்டை வளைத்தும் இழுக்காதீர்கள், ராட் உடையும். ஒரு கட்டைத் துண்டில் நான்கைந்து சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, லைனின் நேர்கோட்டில் நேராக இழுங்கள். மற்றது, கழித்துப்போட்ட லைன். டெக்சஸின் படகுத்துறைகளில் பழைய லைனைப் போடுவதற்கென்று வைத்திருக்கும் குழாய்ப் பெட்டிகள் மறுசுழற்சிக்காக வைக்கப்பட்டவை. அந்த முறையில் நைலான் போன்ற ஒற்றை இழை நரம்புகளைத்தான் உருக்கிப் பயன்படுத்துகிறார்கள், பிரெய்டை ஏற்பதில்லை. அது நீரில் பல்லாண்டு மட்காமல் கிடந்து கொக்குகளின் காலிலும் ஆமைகளின் கழுத்திலும் சுற்றிக்கொள்ளும். வெட்டிய துண்டு எவ்வளவு சிறியதானாலும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, வீட்டில் விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.